ஐந்தாம் உறுதி

நெட்டாறு நடுவில் ஓடி இரண்டாக வகிர்ந்துவிட்டுப் போன நாடு ஒன்று இருந்தது. இருகரை நாடு என்று அதற்குப் பெயர். வடகரையில் அரண்மனையும் கருவூலமும் இருந்தன. தென்கரையில் ஒன்பது ஊர்களும் அவற்றில் மக்களும் இருந்தார்கள். அறுவடைக்கும் தேர்தலுக்கும் வடகரைக்குத் தென்கரை தேவைப்பட்டது. மற்ற நாட்களில் அப்படி ஒரு கரை இருப்பதே வடகரைக்கு மறந்துபோகும்.

அந்த நாட்டில் அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊருக்கு ஒரு பானை வைக்கப்படும். இருக்கிற அரசரே போதும் என்பவர் அதில் புளியங்கொட்டை போடுவார். வேறொருவர் வேண்டும் என்பவர் ஆமணக்குக் கொட்டை போடுவார். பானையின் வாயைக் களிமண்ணால் மூடி, கழுத்தில் கயிறு கட்டி, ஓடத்தில் ஏற்றி வடகரைக்குக் கொண்டுவந்து எண்ணுவார்கள். வடகரையில் இருந்தவர்கள் எல்லோரும் அரண்மனைச் சம்பளக்காரர்கள். அவர்கள் விருப்பம் கேட்காமலே தெரியும் என்பதால் அங்கே பானை வைப்பதில்லை. கோரைத்துறையில் குடியிருந்த ஓடக்காரர்கள் ஆற்றுக்கு உரியவர்கள் என்று கருதப்பட்டதால் எந்தக் கரைப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

மருக்கொழுந்தின் கணவன் தவசி அப்படிப்பட்ட ஓடக்காரன். துறையில் மிஞ்சியிருந்த ஒரே ஓடம் அவனுடையது. போன ஐப்பசித் தேர்தலில் ஒன்பது பானைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்தது. வடகரைக்கு இருபது முழம் இருக்கும்போது ஓடம் பாறையில் மோதிப் பிளந்தது. தவசி கழுத்தளவு நீரில் நின்று பானைகளைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டான். ஓடத்தில் கூட வந்திருந்த மருக்கொழுந்து இடுப்பளவு நீரில் நின்று வாங்கினாள். அன்றைக்குப் போன தவசி மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினான்.

மீண்டும் அரசரான பெருமகனார் நன்றி மறக்கவில்லை. தவசியின் மனைவிக்கு நாற்பது பொன் கொடுக்கும்படி கருவூலத்துக்கு ஓலை எழுதி, அரச முத்திரையிட்டு, ஆள் மூலம் அனுப்பிவைத்தார். அந்நாட்டில் அரண்மனை எதையும் கையில் கொடுப்பதில்லை. ஓலைதான் தரும். ஓலையைக் கருவூலத்தின் சாளரத்தில் நீட்டிப் பொன் பெற வேண்டும்.

நாற்பது பொன் என்றால் சரியாக ஓர் ஓடம். ஓடம் கட்டும் மாடக்கண்ணு மரம் அறுத்து, அடிப்பலகை பூட்டி, பாதியில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, பொன்னைக் கொண்டா, பத்து நாள்ல தண்ணில எறக்கித் தாரேன். தென்கரை யாவாரி ஒருத்தரு அம்பது தாரேங்காரு. நான் அசையல. ஆனா வர்ற ஐப்பசிக்குள்ள வந்துரணும். என்னால அதுக்கு மேல தாங்காது."

ஐப்பசிக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஓராண்டு ஓடம் ஓடாத துறையை அரண்மனை எடுத்து ஏலம் விட்டுவிடும். துறை போய்விட்டால் ஓடம் இருந்தும் பயனில்லை. மருக்கொழுந்துக்குத் தெரிந்த வேலை கழி ஊன்றுவது ஒன்றுதான். ஓடம் நின்றுபோனதிலிருந்து ஒன்பது ஊர்க்காரர்களும் மேலே இறங்கிக் கடக்கக்கூடிய பாறைமடுவு வழியாக அரைநாள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

சாளரத்தில் ஓலை நீட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. நீட்டுகிறவர் சாளரப் பலகையில் வலது கையை விரித்து வைத்து மூன்று உறுதி சொல்ல வேண்டும். இந்த ஓலைக்கு உரியவர் நான்தான். இதில் எதுவும் திருத்தப்படவில்லை. இதன் முத்திரை பொய்யென்று நான் அறியேன். அதன்பின் சாளர அதிகாரி முத்திரையை உள்ளே இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொன் கொடுப்பார். ஒப்பிடும்போது ஏமாந்துவிட்டால் நட்டம் கருவூலத்துக்கு. அரசரின் முத்திரை கருவூலத்துக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று பழைய சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள்.

மருக்கொழுந்து துக்கம் கழிந்து தை மாதத்தில் போனபோது அந்த நினைப்பு மாறியிருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் அரச முத்திரையைச் செதுக்கிய ஒருவன் பன்னிரண்டு பொன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கருவூலத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அரசரின் ஆணைகளை எழுதும் தலைமைச் செயலருக்கு ஓலைநாயகம் என்று பட்டம். அவர் அவையில் எழுந்து பேசினார்.

"தவறு கருவூலத்தினுடையது என்றால் கருவூலத்துக்கு இழுக்கு. கருவூலத்துக்கு இழுக்கு என்றால் அரசருக்கு இழுக்கு. அரசருக்கு இழுக்கு நேர முடியாது. ஆகவே தவறு ஓலையை நீட்டியவருடையது."

அவை இதை ஏற்று மேசையைத் தட்டியது.

சாளரத்துக்குப் பின்னால் ஏகாம்பரர் இருந்தார். முப்பது ஆண்டுகளாக அங்கே இருக்கும் அதிகாரி.

"மூன்றாவது உறுதி மாறியிருக்கிறது. முத்திரை பொய்யென்று அறியேன் என்றால் இனிமேல் போதாது. முத்திரை உண்மையானது என்று நீயே உறுதி தர வேண்டும்."

"அரண்மனை ஆளு வீட்டுக்கு வந்து கையில குடுத்தாரு ஐயா. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?"

"மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா?"

"அது எங்க இருக்கு?"

"உள்ளே."

"காட்டுங்க, பாத்துக்கிடுறேன்."

"வெளியார் பார்க்க அனுமதி இல்லை."

பின்னால் நின்ற பாவாயி, அரண்மனை மடைப்பள்ளிக்கு உப்பு விற்றதற்கான ஓலையோடு தென்கரையிலிருந்து சுற்றி வந்தவள். அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அப்ப நீங்களே உள்ளேருந்து பாத்துச் சொல்லிருங்களேன் சாமி."

"அது எங்கள் வேலை இல்லை" என்றார் ஏகாம்பரர். பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "போன மாதம்வரை எங்கள் வேலையாக இருந்தது" என்றார்.

மருக்கொழுந்து யோசித்தாள். ஓலை கொண்டுவந்தவரை அவளுக்குத் தெரியும். தவசியின் ஓடத்தில் பலமுறை வந்தவர். அவரை நம்பிக் கையை விரித்து வைத்து உறுதி சொன்னாள். ஏகாம்பரர் ஓலையை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் சுருங்கியது.

"இதற்கு மை தடவியது யார்?"

"நான்தான் ஐயா."

எழுத்தாணியால் கீறிய எழுத்து புது ஓலையில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை ஊமத்தை இலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறல்களில் மட்டும் கருமை நிற்கும். அந்த நாட்டில் எந்த வீட்டுக்கு ஓலை வந்தாலும் அன்றே மை தடவுவார்கள். அதுதான் ஓலைக்குச் செய்யும் மரியாதை. மருக்கொழுந்தும் அப்படித்தான் செய்தாள். மை ஏறியபோது அவள் முதலில் வாசித்த சொல் தவசியின் பெயர்.

"ஓலை அரண்மனையை விட்டுப் புறப்பட்டபின் அதில் எது சேர்ந்தாலும் திருத்தம். இது இரண்டாவது உறுதிக்கான புதிய விளக்கம். முந்தாநாள் வந்தது" என்று ஏகாம்பரர் ஓலையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்குப் போய் நல்லெண்ணெயும் பஞ்சும் வைத்து நான்கு நாள் துடைத்தாள். பெயர் மறைந்தது. தொகை மறைந்தது. வெறும் ஓலை போலாகிவிட்டதை எடுத்துக்கொண்டு மாசியில் மறுபடி போனாள்.

"இதில் ஒன்றும் தெரியவில்லையே" என்றார் ஏகாம்பரர்.

"தெரிஞ்சா திருத்தம்னு சொன்னீங்க."

"ஆம். தெரியாமல் இருப்பது முறைப்படி சரி. ஆனால் தெரியாததற்குக் கொடுக்க முடியாது."

பாவாயி அன்றும் வரிசையில் இருந்தாள். "அக்கா, பேசாம சாமி கண்ணுக்கு மையைத் தடவிவிடு. ஓலையத் தொட வேண்டாம்."

வரிசை சிரித்தது. ஏகாம்பரர் சிரிக்கவில்லை. ஆனால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கருவூலமே மை தடவிப் படித்துக்கொள்ளலாம். அப்படித் தடவும்போது எழுத்து மாறவில்லை என்பதற்கு, ஓலையை நீட்டியவர் வெளியே நின்றபடி உறுதி தர வேண்டும். மருக்கொழுந்து வெளியே நின்று, உள்ளே யாரோ தடவிய மைக்கு உறுதி தந்தாள். நாற்பது பொன் என்று மறுபடியும் எழுத்து வந்தது.

அதற்குள் நான்காம் உறுதி வந்துவிட்டது. கொடுப்பதற்குக் கருவூலத்தில் பொன் இருக்கிறது என்று நீட்டுகிறவரே உறுதி தர வேண்டும்.

"உப்புக்கூடையில எத்தன படி இருக்குன்னு கேட்டா சொல்லிருவேன்" என்றாள் பாவாயி. "ராசா பெட்டியில எவ்வளவு இருக்குன்னு நானா சொல்லணும்?"

விவரமானவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் ஓலையின் தொகையை முதலில் தாங்களே கருவூலத்தில் கட்டினார்கள். பிறகு, பொன் இருக்கிறது என்று மனச்சாட்சிப்படி உறுதி தந்து, கட்டிய பொன்னையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள், கட்டணம் போக. கருவூலத்தின் வரலாற்றில் இத்தனை பேர் இத்தனை ஒழுங்காகப் பொன் பெற்றதில்லை என்று ஓலைநாயகம் அரசருக்கு அறிக்கை கொடுத்தார்.

மருக்கொழுந்திடம் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் நாள்தோறும் விடிந்ததிலிருந்து கருவூல வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆடி மாதத்தின் ஏழாம் நாள் வரி வண்டிகள் ஆறு உள்ளே போயின. உடனே சாளரத்துக்குப் போய், "ஆறு வண்டி போனத என் கண்ணால பாத்தேன். பொன்னு இருக்கு" என்று கையை வைத்தாள்.

ஏகாம்பரர் அவளை ஒரு கணம் மதிப்போடு பார்த்தார். "நான்கும் சரி. ஐந்தாவது ஒன்று இன்று காலை வந்திருக்கிறது" என்றார்.

ஐந்தாம் உறுதி இப்படி எழுதப்பட்டிருந்தது. முத்திரை உண்மையாக இருக்க வேண்டுமென்றால் முத்திரையிட்டவர் உண்மையான அரசராக இருக்க வேண்டும். ஆகையால் தென்கரையின் ஒன்பது பானைகளும் முறைப்படி வந்துசேர்ந்து, முறைப்படி எண்ணப்பட்டு, முறைப்படி அரசர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று நீட்டுகிறவர் உறுதி தர வேண்டும். உறுதி பொய்யானால், அதை நம்பிக் கருவூலம் கொடுத்த அனைத்தையும் உறுதி தந்தவரே ஈடுகட்ட வேண்டும். உறுதி தர மறுப்பவரின் பெயரும் அவர் சொன்ன காரணமும், ஊர் வெட்கப்படுத்தும்பொருட்டு, ஏழு நாள் நண்பகலில் சந்தைத்திடலில் முரசறைந்து சொல்லப்படும். அரசர் நீங்கலாக எவருக்கும் இதில் விலக்கில்லை. கடைசி வரி ஓலைநாயகத்துக்கு மிகவும் பிடித்த வரி. அனைவரும் சமம் என்பதை அவர் எங்காவது எழுத வேண்டும் என்று நெடுநாளாக விரும்பியிருந்தார்.

மருக்கொழுந்தின் கை பலகை மேல்தான் இருந்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் நாற்பது பொன். பாதியில் நிற்கும் ஓடத்துக்கு மேல்பலகை ஏறிவிடும். துறை அவளிடமே இருக்கும்.

அன்று வெள்ளத்தில் அவள் வாங்கியது ஏழு பானை. ஏழாவதைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது தவசி எட்டாவதுக்காக மறுபடியும் பிளந்த ஓடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். "விட்டுட்டு வாங்க" என்று அவள் கத்தியது ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்டும் போனானோ. மூன்றாம் நாள் அவன் கையில் ஒரு பானைக்கயிறு சுற்றியிருந்தது. பானை இல்லை. ஒன்பது பானையும் எண்ணப்பட்டதாக அன்றுதான் அரண்மனையில் முரசறைந்தார்கள். அவள் அப்போது அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இப்போது அரண்மனையே கேட்டது. ஒன்பதும் வந்துசேர்ந்தது என்றால் அவன் எதற்காகத் திரும்பிப் போனான்?

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"தர முடியாது ஐயா."

"மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். தெரியாது என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார் ஏகாம்பரர். அவர் அவளுக்கு உதவத்தான் பார்த்தார்.

"தெரியும்னு எழுதுங்க. ஏழுதான் கரைக்கு வந்துச்சு. நான்தான் வாங்கி வச்சேன். நாணல்பட்டிப் பானையும் கீழ்முனைப் பானையும் எங்க வீட்டுக்காரரோட போயிருச்சு."

ஏகாம்பரர் எழுத்தாணியை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, சொன்னதைச் சொன்னபடி எழுதினார். சட்டத்தில் வேறு வழி இல்லை.

மறுநாள் நண்பகல் சந்தைத்திடலில் முரசறைவோன் தன் கம்பீரக் குரலில் அதை வாசித்தான். "கோரைத்துறை மருக்கொழுந்து என்பவள், ஏழு பானைகளே கரை சேர்ந்தன என்றும், இரண்டு தன் கணவனோடு ஆற்றில் போயின என்றும் கூறி, உறுதி தர மறுத்தாள். வெட்கம், வெட்கம், வெட்கம்." மூன்று முறை வெட்கம் சொல்வது ஆணையில் இருந்தது. சட்டப்படி ஏழு நாளும் வாசித்தான். கடைசி நாளில் கேட்கவென்றே பாறைமடுவு சுற்றி நாணல்பட்டியிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

அதன்பின் சாளரத்தில் ஐந்தாவது கேள்வி கேட்கப்பட்டபோது பாவாயி கூடையை இறக்கிவைத்துச் சொன்னாள்: "நான் ஓடத்துல இல்ல சாமி. இருந்தவ ஏழுங்கா. நான் எப்படி ஒம்பதும்பேன்?" அவளுக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர், "மேற்படி" என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆவணியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மறுத்தார்கள். முரசறைவோனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குக் கஷாயம் குடித்துக் குடித்து வாசித்தான்.

மாடக்கண்ணு ஒருநாள் கோரைத்துறைக்கு வந்தார். தென்கரை வியாபாரி அறுபது தருவதாகச் சொன்னாராம்.

"குடுத்துருங்கண்ணே" என்றாள் மருக்கொழுந்து. "நீங்களும் எத்தன நாளுதான் காப்பீங்க?"

"நீ சந்தையில பேரு கெட்டு நிக்கிற. நான் மரத்த வித்துட்டு நின்னா நல்லாருக்குமா?" என்று அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். "ஐப்பசி வரைக்கும் சொன்னேன். ஐப்பசி வரட்டும்."

புரட்டாசி முதல் நாள் அரண்மனையின் அரையாண்டுச் சம்பளநாள். ஓலைநாயகம் தன் சம்பள ஓலையோடு பல்லக்கில் வந்து இறங்கினார். விலக்கு எவருக்கும் இல்லை என்பதால் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பாவாயி. பின்னால் நாணல்பட்டிக்காரர்கள் பதினேழு பேர். மருக்கொழுந்தும் அன்று அங்கே இருந்தாள். சட்டம் மாறியிருக்கிறதா என்று பார்க்க அவள் வாரம் ஒருமுறை வந்து போவாள்.

ஏகாம்பரர் முதல் நான்கையும் கேட்டார். ஓலைநாயகம் நான்கையும் தந்தார்.

"ஐந்தாவது. ஒன்பது பானைகளும் வந்துசேர்ந்து முறைப்படி எண்ணப்பட்டன என்று உறுதி தருகிறீர்களா?"

"என்ன கேள்வி இது? எண்ணிக்கைப் பட்டியலில் கையெழுத்திட்டவனே நான்."

"அது வசதியாகப் போயிற்று. கையைப் பலகையில் வையுங்கள்."

ஓலைநாயகத்தின் கை பாதிவழியில் நின்றது. பொய் உறுதிக்கு ஈடுகட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பது அந்த நாட்டிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்தான் எழுதியவர். பின்னால் பதினேழு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கையெழுத்து என்னுடையது" என்றார் ஓலைநாயகம் மெதுவாக. "எண்ணியது நான் என்று எங்கும் சொல்லவில்லையே."

"அதையே காரணம் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

ஓலைநாயகம் கையை இழுத்துக்கொண்டார். ஏகாம்பரர் எழுதிக்கொண்டார். நண்பகலில் முரசறைவோன் கம்மிய குரலில், "ஓலைநாயகம் என்பவர், கையெழுத்துத் தன்னுடையதென்றும், எண்ணியது தான் அல்லவென்றும் கூறி, உறுதி தர மறுத்தார்" என்று வாசித்துவிட்டு, அடுத்து வர வேண்டிய மூன்று சொற்களுக்காகச் சுற்றிலும் பார்த்தான். திடலில் இருந்தவர்கள் அவனுக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று மாலையே ஆணை வந்தது. குடிமக்களின் சுமையைக் குறைக்கத் திருவுளம் கொண்ட அரசர், நான்காம் ஐந்தாம் உறுதிகளை நீக்கி, பழைய மூன்றையும் பழையபடியே அருளினார். மை தடவுவது இனித் திருத்தம் ஆகாது. முத்திரையைக் கருவூலமே பார்த்துக்கொள்ளும். விடுபட்டிருக்கக்கூடிய இரண்டு ஊர்களில் மட்டும் சிறப்புத் தேர்தல் நடக்கும். அதன் முடிவு எதுவானாலும் அரசர் அரசராகவே தொடர்வார் என்பதும் அதே ஆணையில் எழுதியிருந்தது. நாணல்பட்டிக்காரர்கள் அந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பரவாயில்லை, கொட்டையைப் போட்டுத்தான் பார்ப்போம் என்று போனார்கள்.

மறுநாள் காலை மருக்கொழுந்து மூன்று உறுதியும் சொன்னாள். ஏகாம்பரர் ஓலையோடு உள்ளே போனார். மாதிரி முத்திரைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த வேலை. அது கைக்குத் திரும்பியதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை அவள் சாளரத்தின் வழியாகப் பார்த்தாள். நாற்பது பொன்னையும் எண்ணித் தந்தவர், "ஓலை கருவூலத்தில் இருக்க வேண்டும்" என்றார். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பெயர் இருக்கிற துண்டை நறுக்கித் தரலாம். அதற்குத் தடையில்லை" என்று நறுக்கித் தந்தார்.

மாடக்கண்ணு சொன்னது பத்து நாள். எடுத்துக்கொண்டது பதிமூன்று. ஐப்பசி பிறப்பதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஓடம் கோரைத்துறைத் தண்ணீரில் இறங்கியது. தார் வாசனை இன்னும் போகவில்லை. முதல் நடையில் பாவாயி கூலி கொடுக்க மறுத்து, ஒரு படி உப்பைக் கொட்டிவிட்டுப் போனாள். மருக்கொழுந்துக்குத் தோள் வலித்தது. ஓராண்டு கழித்து வரும் வலி. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் ஏகாம்பரர் இரண்டு புதுப் பானைகளோடு துறைக்கு வந்தார். சிறப்புத் தேர்தலுக்கு அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். ஓடத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் மடியிலிருந்து ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார்.

"இந்த ஓடம் கரை சேரும் என்பதற்கு யார் உறுதி?"

"ஓட்டுறது நான் ஐயா. நான்தான் உறுதி."

ஏகாம்பரர் எழுதப் போய் நிறுத்தினார். "ஏறுகிறவர்கள் எதுவும் சொல்ல வேண்டாமா?"

"எங்க போகணும்னு சொன்னாப் போதும்" என்றாள் மருக்கொழுந்து.

அவர் சொன்னார். அவள் பானைகளை வாங்கி நடுப்பலகையில் வைத்துவிட்டுக் கழியை ஊன்றினாள்.